நட்ட குச்சி தழையவில்லையா? கத்தியைப் பாருங்கள்! பேனாக் கத்தியை வீட்டிலேயே கூர் தீட்டும் முறை

அமராவதிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் தென்னையும், கிணற்றுப் பாசனத்தில் மல்பெரியும் காய்கறியும் விளைகிற பகுதி மடத்துக்குளம். இப்பகுதி விவசாயி ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் காய்ந்த மல்பெரிக் குச்சிகளை ஒரு சாக்கில் கட்டி எடுத்து வந்து என் முன்னே கொட்டினார்.

"ஒரு ஏக்கராவுக்கு நட்டனுங்க. பாதிக்கு மேல தழையவே இல்லீங்க. மண்ணு சரியில்லீங்களா, இல்ல குச்சி சரியில்லீங்களா?" என்று கேட்டார்.

மண்ணில் குறை இல்லை. தண்ணீரும் முறையாகவே பாய்ச்சியிருந்தார். குச்சிகளும் நன்கு முற்றிய குச்சிகள்தான். ஆனால் அவற்றின் வெட்டுவாயைப் பார்த்தபோது காரணம் விளங்கிற்று. ஒவ்வொரு குச்சியின் நுனியும் விளக்குமாறு போலப் பிய்ந்திருந்தது. பட்டை கட்டையை விட்டு விலகி, அந்த இடைவெளி முழுவதும் கறுத்துப் பூஞ்சாணம் பிடித்திருந்தது.

"எதைக் கொண்டு வெட்டினீர்கள்?" என்று கேட்டேன். மடியிலிருந்து ஒரு பேனாக் கத்தியை எடுத்துக் காட்டினார். தேங்காய் நார் உரிப்பது, சாக்குத் தைத்த கயிற்றை அறுப்பது, சொட்டுநீர்க் குழாயை வெட்டுவது என எல்லா வேலைக்கும் அந்த ஒரே கத்திதான். அதன் வாய் உருண்டு மழுங்கிப் போயிருந்தது. மண்ணையும் குச்சியையும் சந்தேகப்பட்டவர் கத்தியைச் சந்தேகப்படவில்லை.

விதைக்கும் உரத்துக்கும் செலவு செய்யும் நாம் கத்தியின் கூரைப் பற்றிப் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் குச்சி நடவு, ஒட்டுக் கட்டுதல், பதியம் போடுதல், கவாத்துச் செய்தல் ஆகிய அனைத்திலும் செடியின் பிழைப்பு அந்த ஒரு வெட்டில்தான் இருக்கிறது. கத்தியைக் கூர் தீட்டப் பெரிய கருவிகள் எதுவும் தேவையில்லை. ஒரு தீட்டுக்கல், ஒரு பழைய தோல் பெல்ட், அரை மணி நேரப் பொறுமை ஆகியவை போதும்.

கூரான வெட்டு ஏன் தேவை?

மா, கொய்யா, சப்போட்டா, மல்பெரி போன்ற செடிகளின் பட்டைக்கும் கட்டைக்கும் இடையே மிக மெல்லிய வளர்திசு ஒன்று இருக்கிறது. ஒட்டுக் கட்டும்போது இரண்டு துண்டுகளையும் ஒன்றாக இணைப்பது இந்தத் திசுதான். நட்ட குச்சியின் வெட்டுக் காயத்தை மூடுவதிலும் இதற்கே முக்கியப் பங்கு. இத்திசு நசுங்கினால் அந்த இடம் செத்துப் பழுப்பாகிவிடும். செத்த திசு ஒட்டாது. அது பூஞ்சாணத்துக்குத்தான் இரையாகும்.

செடியின் உயிரணு ஒன்றின் பருமன் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு முதல் பத்தில் ஒரு பங்கு வரை இருக்கும். நன்கு தீட்டிய கத்தியின் வாயோ ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு, சில சமயம் அதற்கும் கீழே, மெலிந்திருக்கும். ஆகவே அது உயிரணுக்களின் ஊடே அறுத்துச் செல்கிறது. மழுங்கிய வாய் உயிரணுவின் பருமனுக்கே உருண்டுவிடுகிறது. அது அறுப்பதில்லை, நசுக்கிக் கிழிக்கிறது. கண்ணுக்கு இரண்டும் வெட்டாகவே தெரியலாம். செடிக்கு ஒன்று வெட்டு, மற்றொன்று நசுக்கல்.

மல்பெரி நடவுக்கு 6 முதல் 8 மாத வயதுள்ள கிளைகளிலிருந்து, 15 முதல் 20 செ.மீ. நீளத்தில், மூன்று அல்லது நான்கு பருக்கள் உள்ள குச்சிகளைத் தேர்வு செய்கிறோம். இரு முனைகளிலும் பட்டை பிளவுபடாமல், வழவழப்பாக வெட்ட வேண்டும் என்பது நடவுக்கான முக்கிய விதி. கத்தி கூராக இல்லாமல் இந்த விதியைக் கடைப்பிடிக்க முடியாது.

கரும்புக் கரணைக்கும் இதுவே பொருந்தும். நசுங்கிப் பிளந்த வெட்டுமுனை வழியே கரணை அழுகல் நோய்க் கிருமிகள் எளிதில் உள்ளே புகுந்துவிடும். கொடுவாளை நன்கு தீட்டி, பருக்கள் அடிபடாமல், ஒரே வெட்டில் கரணையைத் துண்டிக்க வேண்டும்.

கத்திக்கு ஏற்ற கோணம்

திருப்பாச்சேத்தி அரிவாளுக்கும் ஒட்டுக் கத்திக்கும் ஒரே கூர் ஆகாது. கட்டையை வெட்டும் அரிவாளின் வாய் அகன்ற கோணத்தில் இருக்க வேண்டும். இல்லையேல் பல் விழுந்துவிடும். மென்தண்டைச் சீவும் பேனாக் கத்தியின் வாய் குறுகிய கோணத்தில் இருக்க வேண்டும். பொதுவான தோட்ட வேலைக்குப் பக்கத்துக்கு 20 டிகிரியும், ஒட்டுக் கட்டுவதற்கு மட்டும் என்று ஒதுக்கிய கத்திக்குப் பக்கத்துக்கு 15 டிகிரியும் ஏற்றவை.

இந்தக் கோணத்தை அளக்கக் கருவி தேவையில்லை. கத்தியைக் கல்லின் மீது படுக்க வைத்து, பிறகு முதுகை மட்டும் மெல்லத் தூக்க வேண்டும். கத்தித் தகட்டின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகு எழுந்தால் அது ஏறக்குறைய 20 டிகிரி. நான்கில் ஒரு பங்கு எழுந்தால் ஏறக்குறைய 15 டிகிரி. எடுத்துக்காட்டாக, தகடு 18 மி.மீ. அகலம் இருந்தால் முதுகை 6 மி.மீ. தூக்கினால் 20 டிகிரி கிடைக்கும். நாணயங்களை அந்த உயரத்துக்கு அடுக்கி முதுகின் கீழே வைத்துப் பார்த்தால் கைக்குக் கோணம் பழகிவிடும். தீட்டத் தொடங்குமுன் நாணயங்களை எடுத்துவிடலாம்.

ஒட்டுக் கட்டுவதற்கென்றே விற்கப்படும் கத்திகளில் சில, ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் மட்டும் சாய்வாகவும் இருக்கும். சீவும் பரப்பு பள்ளம் மேடு இல்லாமல் தட்டையாக அமைவதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். இத்தகைய கத்தியில் சாய்வான பக்கத்தை மட்டுமே தீட்ட வேண்டும். எந்த வகைக் கத்தி என்று முதலில் பார்த்துக்கொள்வது அவசியம்.

தேவையான பொருட்கள்

இரும்புக் கடைகளில் இருபக்கத் தீட்டுக்கல் கிடைக்கும். ஒரு பக்கம் சொரசொரப்பாகவும் மறுபக்கம் நைசாகவும் இருக்கும். சுமார் 20 செ.மீ. நீளமும் 5 செ.மீ. அகலமும் உள்ள கல் வசதியானது. இது பெரும்பாலும் கார்போரண்டம் கல்லாக இருக்கும். அமெரிக்காவைச் சேர்ந்த எட்வர்ட் ஆச்சிசன் என்பவர் 1891-ஆம் ஆண்டு செயற்கை வைரம் செய்ய முயன்றபோது தற்செயலாகக் கண்டுபிடித்த பொருள் கார்போரண்டம். எஃகை விடப் பல மடங்கு கடினமானது என்பதால் எஃகை எளிதில் தேய்த்துவிடும்.

இத்துடன் நைஸ் உப்புத்தாள் ஒன்று (1000 எண்), பழைய தோல் பெல்ட் ஒன்று, துடைக்கத் துணி ஆகியவை வேண்டும். துடைப்பதற்கு நம் மாவட்டத்தில் கிடைக்கும் பனியன் கழிவுத் துணியை விடச் சிறந்தது வேறில்லை.

கல்லின் மீது தண்ணீரோ தையல் இயந்திர எண்ணெயோ இட்டுத் தீட்டலாம். முதலில் எதை இட்டோமோ அதையே தொடர்ந்து பயன்படுத்துவது நல்லது. கடலை எண்ணெய், நல்லெண்ணெய் போன்ற சமையல் எண்ணெய்களை இடக் கூடாது. அவை நாளடைவில் பிசின்போல் இறுகிக் கல்லின் கண்களை அடைத்துவிடும்.

தீட்டும் முறை

1. கத்தியைச் சோப்பு நீரில் கழுவி, பிசினும் துருவும் போகத் துடைக்க வேண்டும். பிறகு வாயை வெளிச்சத்தில் காட்டிப் பார்க்க வேண்டும். மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாகவோ புள்ளியாகவோ மின்னும். கூரான இடத்தில் எந்த மினுக்கமும் தெரியாது. வேலை எவ்வளவு இருக்கிறது என்பதை இதிலிருந்தே அறியலாம்.

2. கல்லை ஈரச் சாக்கின் மீது வைக்க வேண்டும். அப்போதுதான் அது நகராது. சொரசொரப்பான பக்கம் மேலே இருக்கட்டும்.

3. கத்தி வாயின் இருபக்கச் சாய்விலும் விளக்குக் கரியையோ ஸ்கெட்ச் பேனா மையையோ பூச வேண்டும். இரண்டு முறை தேய்த்துப் பார்த்தால் கல் எங்கே படுகிறது என்பது தெரிந்துவிடும். கரி வாயின் விளிம்பு வரை அழிந்திருந்தால் கோணம் சரி. மேல் பகுதியில் மட்டும் அழிந்திருந்தால் முதுகைச் சற்றுத் தூக்க வேண்டும். விளிம்பில் மட்டும் அழிந்திருந்தால் சற்றுத் தாழ்த்த வேண்டும். பழகாதவர்களுக்கு இதுவே நல்ல வழிகாட்டி.

4. கல்லின் மேற்பரப்பை மெல்லிய படலமாகச் சீவுவது போலப் பாவித்து, வாய் முன்னே செல்லுமாறு கத்தியைத் தள்ள வேண்டும். பிடியருகே தொடங்கி நுனியில் முடிய வேண்டும். நுனி வளைந்த இடத்தில் பிடியைச் சற்று உயர்த்தினால்தான் அங்கும் கல் படும். அழுத்தம் மிதமாக இருந்தால் போதும்.

5. ஒரே பக்கத்தைத் தொடர்ந்து தீட்டி வர வேண்டும். சிறிது நேரத்தில் மறுபக்க விளிம்பில் ஒரு மெல்லிய பிசிறு எழும். முதுகிலிருந்து வாயை நோக்கி விரலை வெளிப்புறமாக நகர்த்தினால் அது சொரசொரவென்று தட்டுப்படும். விரலை வாயின் நீளவாக்கில் ஒருபோதும் ஓட்டக் கூடாது. பிசிறு பிடியிலிருந்து நுனி வரை முழு நீளத்துக்கும் எழுந்த பிறகுதான் கத்தியைத் திருப்ப வேண்டும். தீட்டியும் கூர் வரவில்லை என்பவர்களில் பெரும்பாலோர் தவறுவது இந்த இடத்தில்தான். பிசிறு எழவில்லை என்றால் தேய்ப்பு இன்னும் விளிம்பை எட்டவில்லை என்று பொருள்.

6. மறுபக்கத்தையும் இதேபோல் பிசிறு எழும் வரை தீட்ட வேண்டும்.

7. இப்போது கல்லைப் புரட்டி, நைஸ் பக்கத்தில் அதே கோணத்தில் தீட்ட வேண்டும். முதலில் பக்கத்துக்குப் பத்து முறை, பிறகு ஐந்து, பிறகு ஒன்றுக்கொன்று மாற்றி மாற்றி. ஒவ்வொரு கட்டத்திலும் அழுத்தத்தைக் குறைத்து வந்து, கடைசியில் கத்தியின் எடை மட்டுமே கல்லில் படும்படி செய்ய வேண்டும். பிசிறு தேய்ந்து மெலிந்துவிடும்.

8. மேலும் நைசாக வேண்டுமானால் உப்புத்தாளைக் கண்ணாடித் துண்டு மீது நனைத்து ஒட்டி, அதன் மீது தீட்டலாம். உப்புத்தாளில் வாய் முன்னே போனால் தாள் கிழியும். ஆகவே முதுகு முன்னே செல்லுமாறு இழுக்க வேண்டும். உப்புத்தாள் இல்லாத வீட்டில் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால், அதன் அடியில் பளபளப்பில்லாத வளையம் இருக்கும். அதுவும் ஒரு நைஸ் கல்லே.

9. கடைசி வேலை தோல் வாரில் துடைப்பது. முடிதிருத்தும் தொழிலாளர்கள் சவரக் கத்தியை வாரில் புரட்டிப் புரட்டி இழுத்ததைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். அதே வேலைதான். பெல்ட்டின் சொரசொரப்பான உட்பக்கம் மேலே இருக்குமாறு பலகையில் இழுத்து ஆணி அடித்துக்கொள்ள வேண்டும். உலோகம் துலக்கும் பாலிஷை அதில் சிறிது தடவலாம். முதுகு முன்னே செல்லுமாறு பக்கத்துக்கு இருபது முறை இழுத்தால் எஞ்சிய பிசிறும் விலகி, வாய் கண்ணாடி போல் ஆகும். அழுத்தினால் தோல் அமுங்கி வாயை உருட்டிவிடும். மென்மையாக இழுப்பதே முறை.

ஒருபக்கச் சாய்வுக் கத்தியாக இருந்தால் 4, 5, 7 ஆகிய படிகளைச் சாய்வுப் பக்கத்தில் மட்டும் செய்ய வேண்டும். தட்டைப் பக்கத்தை நைஸ் கல்லில் முழுவதும் படிய வைத்து, இரண்டு மூன்று முறை மட்டும் தேய்த்துப் பிசிறை நீக்கினால் போதும்.

கூர் வந்துவிட்டதா?

வாசித்து முடித்த செய்தித்தாளின் ஒரு தாளை ஒரு கையில் தொங்கவிட்டு, அதன் விளிம்பில் கத்தியை வைத்து இழுத்துப் பார்க்கலாம். கிழிக்காமல், இழுபடாமல் வழுக்கிக்கொண்டு வெட்டினால் கூர் வந்துவிட்டது. ஓரிடத்தில் மட்டும் சிக்கினால் அந்த இடத்தில் பிசிறோ மழுங்கலோ இருக்கிறது. (இந்தப் பக்கத்தை மட்டும் விட்டுவைத்து வேறு பக்கத்தை வெட்டுவது நன்று!)

விவசாயிக்குரிய உண்மையான சோதனை வேறொன்று உண்டு. பென்சில் பருமனுள்ள பச்சை மல்பெரிக் குச்சியையோ மாங்கொழுந்தையோ ஒரே இழுப்பில் சாய்வாகச் சீவிப் பார்க்க வேண்டும். சீவிய முகம் ஈரப் பளபளப்புடன், நார் எழாமல், பட்டை கட்டையோடு ஒட்டியபடியே இருந்தால் அந்தக் கத்தியை நம்பி வேலையில் இறங்கலாம். கைமேல் மயிரைச் சிரைத்துப் பார்ப்பது வேண்டாத ஆபத்து.

செய்யக் கூடாதவை

மின்சாரச் சாணையில் பேனாக் கத்தியை உலர்வாகப் பிடிக்கக் கூடாது. மெல்லிய வாய் நொடியில் சூடேறும். எஃகு சுமார் 300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை எட்டினால் நீல நிறம் பாயும். நீலம் பாய்ந்த இடத்தில் பதம் இறங்கிவிட்டது என்று அறியலாம். அங்கே எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. கொடுவாள், அரிவாள்களுக்குச் சாணை பிடிப்பவரின் சக்கரம் பொருந்தும். பேனாக் கத்திக்குக் கல்லும் கைவேலையுமே பொருந்தும்.

சிமெண்டுத் தரையிலும் வாசற்படிக் கல்லிலும் தேய்ப்பது அவசரத்துக்கு அரிவாளுக்கு உதவலாம். ஒட்டுக் கத்தியில் அது பற்களைத்தான் உண்டாக்கும்.

தீட்டுக்கல்லின் நடுப்பகுதி தேய்ந்து குழிந்திருந்தால் கோணம் நிலைக்காது. தட்டையான கருங்கல் பலகையில் நைஸ் மணலும் தண்ணீரும் இட்டு, கல்லைக் கவிழ்த்து வட்டமாகத் தேய்த்தால் மீண்டும் சமமாகிவிடும்.

கூரோடு தூய்மையும் வேண்டும்

கத்தி நோயையும் சுமந்து செல்லும். கரும்பில் மறுதாம்புக் குட்டை நோய் என்று ஒன்று உண்டு. 1940-களில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பகுதியில் முதலில் அறியப்பட்ட இந்நோய், நோயுற்ற கரும்பை வெட்டிய கத்தியின் சாற்றோடு நல்ல கரும்புக்குப் பரவுகிறது. வெளியே தெளிவான அறிகுறி காட்டாமல் மறுதாம்பின் விளைச்சலைக் குறைத்துவிடுவதே இதன் கேடு. அமராவதி கூட்டுறவு சர்க்கரை ஆலை எழுந்ததே கரும்பை நம்பித்தான் என்னும் இந்த வட்டாரத்தில், இதை அலட்சியம் செய்வதற்கில்லை.

விதைக் கரும்பு வெட்டும்போது ஒரு வயலிலிருந்து மறு வயலுக்குப் போகுமுன் கத்தியில் ஒட்டிய சாற்றையும் சக்கையையும் கழுவி, லைசால் அல்லது டெட்டால் கரைசலில் நனைக்க வேண்டும். ஒட்டுக் கத்தியை ஒரு தாய்மரத்திலிருந்து மற்றொன்றுக்குப் போகுமுன் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். கொரோனாக் காலத்தில் பழகிப்போன, ஆல்கஹால் கலந்த கைச்சுத்திகரிப்புத் திரவமும் இதற்கு உதவும். அது நன்கு உலர்ந்த பிறகே வெட்டத் தொடங்க வேண்டும். நெருப்பில் காட்டிச் சுத்தம் செய்யும் பழக்கம் மெல்லிய கத்திக்கு ஆகாது, பதம் இறங்கிவிடும். பிளீச்சிங் பவுடர் கரைசல் துருவை உண்டாக்கும்.

பராமரிப்பு

ஒட்டுக் கத்தியை அந்த வேலைக்கு மட்டும் ஒதுக்கி வைக்க வேண்டும். கயிறு, குழாய், தேங்காய் நார் ஆகியவற்றுக்கு வேறொரு கத்தி இருக்கட்டும். மா, சப்போட்டா ஆகியவற்றின் பால் கத்தியில் உறையவிடாமல் அவ்வப்போது துடைக்க வேண்டும். இருபது முப்பது ஒட்டுக்கு ஒரு முறை தோல் வாரில் நான்கு இழுப்பு இழுத்தால், அடிக்கடி கல்லுக்குப் போக வேண்டியிருக்காது. வேலை முடிந்ததும் கழுவி உலர்த்தி, இயந்திர எண்ணெய் தடவி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகுக் கத்தியாக இருந்தாலும் ஈரத்தோடு மடிக்கக் கூடாது.

மழுங்கிய கத்தியை அழுத்தி வெட்டும்போதுதான் கை வழுக்கிக் காயம் ஏற்படுவது அதிகம். கூரான கத்திக்கு அழுத்தம் தேவையில்லை. எனினும் வெட்டும் திசையில் விரல் இருக்கலாகாது. மண்ணில் புழங்கிய கத்தியால் காயம் பட்டால் உடனே சோப்பால் கழுவி, மருத்துவமனைக்குச் சென்று ரணஜன்னித் தடுப்பூசி தேவையா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

தொடக்கத்தில் சொன்ன விவசாயி அன்று திண்ணையில் அமர்ந்து அதே கத்தியைத் தீட்டக் கற்றுக்கொண்டார். சாக்கில் மீதமிருந்த ஒரு குச்சியை எடுத்துச் சீவினார். சீவிய முகத்தையும் பழைய வெட்டுவாயையும் அருகருகே வைத்துச் சற்று நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தன நாளா இதுல போயிருக்குதுங்க" என்றார். பாடுவாசி நிரப்பப் புதிய குச்சிகளை அவர் அந்தக் கத்தியாலேயே வெட்டினார். அவை நன்றாகவே தழைத்தன.

ஆகவே நடவுக்கு முந்தைய நாள் நாற்றையும் நீரையும் பார்ப்பது போலக் கத்தியையும் ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது நலம். வெள்ளைக் கோடு மின்னினால் கல்லை எடுக்க வேண்டியதுதான். ஒட்டுக் கட்டும் முறையை நேரில் பழக விரும்புவோர் அருகிலுள்ள தோட்டக்கலைத் துறை அலுவலகத்தையோ வேளாண்மை அறிவியல் நிலையத்தையோ அணுகலாம். போகும்போது தங்கள் கத்தியையும் எடுத்துச் செல்லட்டும்.